கொப்பியில் எழுதாத பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குளிர் தொடங்குகிற நேரம், சுவிஸில் கூர் நகருக்கு மேலே உள்ள மலையில் நடந்தது இது.

நான் கூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். அமெரிக்க விருந்தாளி ஒருவர் விட்டுப்போன பேஸ்போல் பந்தில், எங்கள் கோப்பை கழுவும் அண்ணையிடம் பெரிய ஆட்டக்காரரிடம் வாங்குவதுபோலப் பகிடியாகக் கையெழுத்து வாங்கினேன். அன்று பிடித்தது பைத்தியம். பந்துகளை வாங்கி, யாரும் கையெழுத்துக் கேட்காத ஆட்களிடம் நீட்டுவேன். மலை ரயில் ஓட்டுநர், பனி வழிக்கிற லொறிக்காரர், கோயில் ஐயர் என்று நிறையச் சேர்ந்துவிட்டது. "உந்தப் பந்துகளையே கட்டிக்கொண்டு அழுங்கோ" என்பாள் மனைவி.

அவளுடைய வாய்க்குப் பயந்து, இது நடந்த அன்று லீவாக இருந்தும் வேலைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு மலையேறினேன். உச்சியில் தங்குகுடில் நடத்தும் சுவிஸ்காரப் பெண் சிரித்துச் சிரித்துப் பந்தில் கையெழுத்து வைத்தார். பிறகு ஒரு கொப்பியை நீட்டினார். வருகிறவர்கள் பெயரையும், அடுத்து எந்த வழியால் போகிறார்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். ஆள் காணாமல் போனால் அதை வைத்துத்தான் தேடுவார்களாம்.

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவர் உள்ளே போனதும் நழுவிவிட்டேன். அகதியாக வந்த காலத்தில் விளங்காத பாஷையில் எத்தனை தாள்களில் கையெழுத்து வைத்திருப்பேன்! ஒவ்வொன்றும் என்னைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்று நித்திரையில்லாமல் கிடந்தவன் நான். விசா கிடைத்த பிறகும் தேவையில்லாத இடத்தில் பெயர் எழுதமாட்டேன்.

இறங்கும் வழியில் மூடுபனி சூழ்ந்தது. ஆசை அடங்காமல் பந்தை எடுத்துப் பார்த்தேன். கை நழுவி அது சரிவில் உருண்டது. விசரன் நான், அதைப் பிடிக்க அதன் பின்னால் இரண்டடி வைத்தேன். கற்கள் சறுக்கி, ஒரு வீட்டு உயரம் கீழே, ஒடுக்கமான பாறையில் போய் விழுந்தேன். கணுக்கால் போய்விட்டது. அசைந்தால் கல் உருண்டது, அது விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை.

மனைவிக்கு நான் சமையலறையில். சமையலறைக்கு நான் வீட்டில். முருகா, யார் என்னை எங்கே வந்து தேடுவார்கள்? பிள்ளைகளின் முகம் வந்தது. வாய்விட்டு அழுதேன்.

நெடுநேரம் கழித்து மேலே "ஹலோ, ஹலோ" என்று ஒரு குரல். குடில் நடத்தும் அந்தப் பெண்தான். நான் இறங்கிய பாதையை ஜன்னலால் கண்டிருக்கிறார். அதே பாதையால் ஏறிவந்த ஒருவர் வழியில் யாரையும் காணவில்லை என்றதும், மனம் கேளாமல் தேடி வந்திருக்கிறார். கூப்பிட என் பெயர் தெரியாது. நான் முனகியது அவருக்குக் கேட்கவில்லை. குரல் என்னைத் தாண்டிப் போய்த் தேயத் தொடங்கியது. அப்போது எங்கிருந்து பலம் வந்ததோ, என் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்துக் கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன்.

குரல் நின்றது. பிறகு என் பெயரைத் தன் நாக்குக்கு வந்தபடி சொல்லிக்கொண்டே திரும்பி வந்தது. அவர் குடிலுக்குத் திரும்பிப் போய்த் தகவல் கொடுக்க, மீட்புக்குழு வந்து கயிறு கட்டி என்னைத் தூக்கியது.

ஆஸ்பத்திரியில் மனைவி ஏசவில்லை. "செத்துக் கிடந்திருந்தா எங்கையெண்டு தேடியிருப்பன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர்ப்பட்ட ஆட்களின் பெயரைக் கேட்டு வாங்கியவன் நான். ஆனால் பனிக்குள் பிழைபிழையாக அந்தப் பெண் கூப்பிட்ட என் சொந்தப் பெயர்தான் எனக்கு உயிரைத் திருப்பித் தந்தது.