நீல டிரம்மில் பிடித்த தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தாலே பெரிய காரியம். அப்போதுதான் கட்டுச்சோறு கொண்டுபோய், மாசமாக இருந்த தங்கையைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அம்மா போய்விட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். மறுநாளே என் வீட்டுக்காரர் உக்கடத்தில் பழைய சாமான் கடையிலிருந்து நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ஏனுங்க, இதுல முன்னாடி என்ன இருந்துச்சுங்க?"

"என்னமோ எண்ணெயாமா புள்ள. கடைக்காரரே சோடா போட்டுக் கழுவித்தான் குடுத்தாரு."

மேலே ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. பழைய டிரம்முக்கு எங்கள் தெருவில் ஒரே வைத்தியம்தான். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். நாற்றம் போய்விட்டால் சுத்தம். நானும் கை எரிய எரியத் தேய்த்தேன். நாற்றம் போனது, மனசு அடங்கவில்லை. தண்ணீர் பிடித்து வைத்த பிறகும் போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்து மோந்துகொண்டே இருந்தேன். குடித்தால் ஒரு நேரம் கசக்கிற மாதிரி இருக்கும், ஒரு நேரம் ஒன்றும் தெரியாது. "உனக்கு வேற சோலியே இல்லையா?" என்று அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி எப்படி இருக்குது கண்ணு?" என்று தங்கையைக் கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க்கா."

அவளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களும் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு அதையேதான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் குற்றம். கொடுத்த தண்ணீரைக் குறை சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். அவர்களைப் போய்க் கேட்டு என்ன தெரியப்போகிறது?

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி மூடிவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பூச்சிமருந்து நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக்கே அந்த மருந்தைக் குடித்து வைத்திருக்கிறது. மேலே தேய்த்தால் எங்கே போகும்? அவரும் வந்து மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மொதல்லயே தெரிஞ்சுதுங்க்கா."

"அப்பறம் ஏண்டி சொல்லல? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு!"

"நீங்களே தண்ணிக்கு அல்லாடிக்கிட்டு என்னைய வெச்சுப் பாக்கறீங்க. நல்லா இல்லீன்னு எந்த வாயில சொல்றதுங்க்கா?"

உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி, மாதா மாதம் வரச் சொன்னார். யாரும் எடுத்துப் புழங்கிவிடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் டிரம்மை ரம்பத்தால் அறுத்துப் போட்டார். குழந்தை பிறந்து, வீறிட்டு அழுகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது எனக்கு ஆறவே இல்லை. பிறந்த வீடு என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறாள்.