திங்கட்கிழமைக் காவடி

ஈரப் பட்டியின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மஞ்சள் தண்ணீரும் சவர்க்காரமும், எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாத ஆட்டு இரத்தத்தின் கவிச்சும் ஒன்றாகக் கலந்த மணம் அது. இன்டர்லாக்கனில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் நிலவறையில், "கெல்லர்" என்று அம்மாவும் சொல்லப் பழகிக்கொண்ட அந்த இடத்தில், எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான சலவை அறையின் சீமெந்துத் தொட்டிக்குள் அப்பா முதுகில் மாட்டிப் பாரம் சுமக்கிற பொதிச்சட்டம் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுக் கிடக்கும். அதன் பட்டிகள் மட்டும் கயிற்றுக் கொடியில் வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும்.

அது 2011ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் "அப்வாஷ்", அதாவது பானை சட்டி கழுவும் வேலை. சூரிச்சில் ஒரு கடையிலும் சோலோதுர்னில் ஒரு பேக்கரியிலும் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். வாரம் ஆறு நாட்கள் நீராவிக்குள் நின்று கைவிரல் தோல் சுருங்கி வீட்டுக்கு வருவார். அந்தச் சமையலறையின் இறைச்சிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் வேர்ணர் என்ற சுவிஸ்காரர். அப்பா அவரை முகத்துக்கு நேரேயே "வேர்ணர் அண்ணை" என்று கூப்பிட, அவரும் அதைத் தன் பெயரின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார். வேர்ணர் வேட்டைக்காரர். செப்டம்பரில் "கெம்ஸ்" என்கிற மலையாட்டை வேட்டையாட அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு மலையேறுவார். ஆனால் அந்த வருடங்களில் அவருடைய முழங்கால் மோசமாகிவிட்டது. ஏறுவார், குறிபார்ப்பார், சுடுவார். சுட்டதைச் சுமந்துகொண்டு இறங்கத்தான் அவரால் முடியாது. ஹோட்டலின் உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் அவர் அப்பாவின் தோளைத் தட்டி, நாளைக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்டாராம். அந்தத் தட்டலைப் பற்றி அப்பா ஒரு மாதம் கதைத்தார்.

அப்பாவுக்கு அந்தத் திங்கட்கிழமைகள் என்னவாக இருந்தன என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. மற்ற ஆறு நாட்களும் அவர் பிறர் மிச்சம் வைத்ததைக் கழுவும் ஆள், திங்களன்று மட்டும் அவரில்லாமல் இன்னொருவரின் காரியம் நடக்காது. வழியில் எதிர்ப்படும் மலைக்காரர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள், பெயர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு என்ரை பேரைச் சரியாச் சொன்னவை" என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா, "உங்கடை பேரைச் சொல்லுறதுக்கு மலையேற வேணுமே?" என்று முகத்தை நொடித்துவிட்டுப் போவா.

பொதிச்சட்டம் வேர்ணர் தந்தது. அவருடைய மகன் மார்க்கஸ் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த புதுமாதிரிச் சட்டம். அவரோ தன் தகப்பன் வைத்திருந்த மரச்சட்டத்தையும் கயிற்றையும் தவிர வேறொன்றையும் நம்பாதவர், பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் அப்பாவிடம் தள்ளிவிட்டார். அலுமினியக் குழாய்களால் ஆன சட்டம், அடியில் மடித்து விரிக்கிற ஒரு தட்டு, இடுப்புப் பட்டி, தோள் பட்டிகள், தனியே கழன்று வருகிற ஒரு பை, இவற்றையெல்லாம் இணைக்கப் பதினெட்டுக் கொக்கிகள். கூடவே ஜெர்மன் மொழியில் நாற்பது பக்கப் புத்தகம் ஒன்று. வேர்ணர் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை. அப்பாவுக்கு அந்த ஜெர்மன் ஓடாது. ஆகவே வீட்டுக்கு வருகிற வரிக் கடிதம், விசாக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லுகிற நான்தான் இதையும் வாசித்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தைத் தந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மலையேறும்போது பை சட்டத்தோடு ஒட்டி இறுக இருக்க வேண்டும். அதற்குள் கத்தி, கயிறு, வெள்ளைத் துணிப்பை, தேத்தண்ணீர்ப் போத்தல், அம்மா கடதாசியில் சுற்றிக் கொடுக்கிற ரொட்டியும் சம்பலும். இறங்கும்போது பையைச் சட்டத்திலிருந்து விலக்கி இழுத்துத் தளர்த்தி, தட்டை விரித்து, குடல் நீக்கி ஆறவைத்த ஆட்டைத் துணிப்பைக்குள் இட்டு, சட்டத்துக்கும் பைக்கும் நடுவே வைத்துக் கட்ட வேண்டும். பாரம் தோள்களுக்கு நடுவே, உயரத்தில், முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். கீழே தொங்கினால் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு பக்கம் சரிந்தால் ஆளையே சரித்துவிடும். தட்டைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்கிற, மலையில் யாரும் தொட வேண்டியிராத அடிப்பட்டிகள் இரண்டின் வாலையும் கொக்கிக்குள் ஒரு தடவை கோர்த்தால் போதாது, திருப்பி இரண்டாம் தடவையும் கோர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதை வாசித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை, கோர்ப்பவளும் நானே.

இதை ஒரு தடவை பூட்டினால் பருவம் முழுவதும் அப்படியே வைத்திருக்கலாம். வேறு எந்த வீட்டிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு விரதம், பிறகு புரட்டாதிச் சனியும் சேர்ந்துகொள்ளும். கெம்ஸ் வேட்டையும் புரட்டாதியும் ஒன்றாக வந்து தொலைத்தன. இறைச்சி சுமந்த சட்டம் சாமித்தட்டு இருக்கிற வீட்டுக்குள் அப்படியே வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். "உந்தக் காவடியைக் கெல்லரிலை வைச்சுக் கழட்டிக் கழுவிப்போட்டு மேலை வாங்கோ" என்று படியில் நின்றே சொல்லுவா. தோளில் ஏற்றிய சட்டம் அப்பாவின் தலைக்கு மேலே எழுந்து நிற்பதைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது. ஆகவே ஒவ்வொரு திங்கள் மாலையும் அப்பா அதைக் கழற்றிக் கழுவுவார், ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைத் திரும்பப் பூட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புத் தோழி லேயாவின் பிறந்தநாள். சுவிஸ் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு மணிக்குப் பஸ். வாரம் முழுவதும் மழை பெய்து நிலவறை ஈரம் காயாததால் பட்டிகள் ஊறித் தடித்திருந்தன. வலது பட்டியை எப்படியோ இரண்டு தடவையும் கோர்த்துவிட்டேன். இடது பட்டி ஒரு தடவை போனது, இரண்டாம் தடவைக்கு நுனி உள்ளே போகமாட்டேன் என்றது. பல்லால் கடித்துக் கூராக்கிப் பார்த்தேன், வாயெல்லாம் மஞ்சளும் சவர்க்காரமுமாகக் கசந்தது. மணி ஒன்றே முக்கால். இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. மிஞ்சிய வாலை மடித்துச் செருகிவிட்டேன்.

"சரியோ பிள்ளை?" என்று மதிய இடைவேளைக்கு வீட்டுக்கு வந்திருந்த அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா, எல்லாம் சரி."

மறுநாள் மாலை அப்பா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. இருட்டுகிற நேரம் வேர்ணரின் கார் வந்து நின்றது. இடது கை கழுத்தோடு கட்டித் தொங்க, அப்பா படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வந்தார். சட்டத்தை வேர்ணர் தூக்கிக்கொண்டு வந்து கழுவாமலே எங்கள் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்தார். அம்மா அதைப் பார்க்காமல் அப்பாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டா.

நடந்தது இதுதான். கல் சரிவில் இறங்கும்போது இடது அடிப்பட்டி கொக்கியை விட்டு வழுகியிருக்கிறது. பாரம் ஒரு பக்கம் புரள, அப்பாவும் கூடவே புரண்டு தோள் மூட்டு விலகிவிட்டது. ஆடு துணிப்பையோடு பள்ளத்துக்குள் உருண்டுபோனது. வேர்ணர் அந்த முழங்காலோடு இறங்கித் தேடி எடுத்தபோது, அது கல்லில் கிழிபட்டு மண்ணும் சேறுமாக, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்ததாம். சுட்ட மிருகத்தை வீணாக்குவது வேட்டைக்காரனுக்குப் பெரிய வெட்கம். வேர்ணர் மேசையருகில் இருந்து, தேத்தண்ணீரைத் தொடாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"யார் இதைக் கட்டியது?"

நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான்," என்றார் அப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "அவசரத்திலை கட்டினன். என்ரை பிழை."

வேர்ணர் தலையை ஆட்டினார். மலையில் தன் பொதியைத் தானே சரியாகக் கட்டத் தெரியாத ஒருவனை இனிக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் இல்லை, என்னைப் பிழையாக நினைக்காதே என்றார். கோபம் இல்லாமல் அவர் அதைச் சொன்னதுதான் அப்பாவுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். நான் வாய் திறந்திருக்கலாம். அந்த ஜெர்மன் அந்த வீட்டில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாக வரும். ஒரு வசனம் போதும். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் மூடினேன்.

அடுத்த செப்டம்பரில் வேர்ணர் வேறொருவரோடு மலைக்குப் போனார். முதல் திங்கட்கிழமை அப்பா விடியவே எழுந்து, தேத்தண்ணீர் ஊற்றி, மலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்தார். எட்டு மணிக்குக் கழற்றி வைத்தார். சமையலறையில் அவர்கள் இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், வேலையும் செய்தார்கள், அவ்வளவுதான். சில வருடங்களில் வேர்ணர் காலமானார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடக்கத்துக்குப் போனார். நீயும் வாறியோ என்று கேட்டதற்கு, பரீட்சை இருக்கிறது என்று பொய் சொன்னேன். அங்கே போய் யாருடைய முகத்தைப் பார்ப்பது?

போன மாதம் அந்த வீட்டைக் காலி செய்தோம். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், அப்பாவும் அம்மாவும் பாடனில் என் தம்பியின் வீட்டுக்கு அருகே போகிறார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சாமான் கட்டப் போயிருந்தேன். மார்க்கஸ் இப்போது அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறாராம், பழைய சட்டம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அப்பா அதை நிலவறையிலிருந்து எடுப்பித்து, ஈரத்துணியால் துடைத்து, என் முன்னே வைத்தார். அவருக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. கொடுப்பதற்கு முன் நீ ஒருக்கால் பூட்டிவிடு என்றார். நானும் நிலத்தில் இருந்து ஒவ்வொரு கொக்கியாகப் பூட்டினேன். அடிப்பட்டிக்கு வந்தேன்.

"வாலைத் திருப்பிக் கோர் பிள்ளை," என்றார் அப்பா. "இடப்பக்கம் ஈரமெண்டால் கொஞ்சம் அடம்பிடிக்கும்."

அந்தப் புத்தகத்தை அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை.

"எப்ப தெரியும் அப்பா?"

"அண்டைக்கே. விழுந்து கிடக்கேக்கை ரெண்டு பக்கத்தையும் பாத்தன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பயந்திருப்பாய். பிறகு எங்கடை கடிதமெல்லாம் ஆர் வாசிக்கிறது?" என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிப்பை விட்டு, "எனக்கு வாசிக்கத் தெரியாத குறைக்குப் பிள்ளையைக் குற்றம் சொல்லுறதோ?" என்றார்.

இரண்டு தடவையும் கோர்த்தேன்.

மார்க்கஸின் காருக்குச் சட்டத்தை நான்தான் தூக்கிப்போனேன். அவர் பின்கதவைத் திறந்து இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அன்று இதைக் கட்டியது அப்பா இல்லை, நான் என்று சொன்னேன். குளிர்சாதனப் பெட்டியருகில் நின்று சொல்லியிருக்க வேண்டிய அதே வசனம். அவர், அதெல்லாம் எவ்வளவு காலத்துக்கு முந்தியது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கேட்டிருக்க வேண்டியவர் இப்போது இல்லை. அந்தச் சலவை அறையும் கொடிக் கயிறும் வரப்போகும் வசந்தத்தில் இருக்காது. கார் திரும்புகிறபோது நிமிர்ந்து பார்த்தேன். மேலே பல்கனியில் நின்று அப்பா காருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார், வலது கையால்.