கம்பம் நட்ட அன்று ஊரில் இருந்த கோல்கீப்பர்

எதிர்வீட்டு அன்புமணியைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. அவன்மேல் பாசம் வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாசக்காரர்கள் நடுவில் கண்ணசந்து போவார்கள். பொறாமைப்பட்டவள் அப்படி அசரமாட்டாள். அவன் என்ன தின்றான், எந்த வண்டியில் போனான், எப்போது சிரித்தான், எல்லாம் எனக்குத் தெரியும்.

காரமடைக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அவன் அம்மா பழனியாத்தாள் செங்கல் சூளையில் வேலை செய்தாள். லாரிக்குச் செங்கல் ஏற்றும்போது கீழே நிற்கிறவர் இரண்டிரண்டாக வீசுவார், மேலே நிற்கிறவர் பிடித்து அடுக்க வேண்டும். லீவு நாளில் அன்புமணி லாரிமேல் ஏறிக்கொள்வான். செங்கல்லைப் பிடித்த கைக்குப் பந்தெல்லாம் பஞ்சுப்பொதி மாதிரி. என் பேரன் சசிதரும் கோல்கீப்பர்தான். அவனை நாங்கள் கோயமுத்தூரில் கோச்சிங் சேர்த்து, முட்டையும் பாலும் கொடுத்து வளர்த்தோம். அன்புமணி பழைய சோற்றைத் தின்றுவிட்டு அவனைவிட ஒரு சாண் கூடுதலாக எகிறினான். எனக்கு எரியுமா எரியாதா?

பம்புசெட் கம்பெனி முதலாளி பாலகோபாலுக்கு ஒரு வருஷம் ஆசை வந்தது. கோயமுத்தூருக்கென்று ஒரு கால்பந்து டீம் ஆரம்பித்தார். நொய்யல் எஃப்.சி. என்று பேர். மாதச் சம்பளம், ஹாஸ்டல், ஆட்டக்காரர்கள் படம் ஒட்டின பஸ், ஊர் ஊராய்ப் போய் ஆடுகிற ஆட்டம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். இரண்டு பேரும் கோல்கீப்பர்கள்.

"அவ்வா, என்னைய ரெண்டாவது கீப்பரா எடுத்திருக்காங்க" என்றான் சசி.

"ரெண்டாவதுன்னா எப்பக் கண்ணு எறங்குவே?"

"மொத கீப்பருக்கு ஏதாச்சும் ஆனா."

முதல் கீப்பர் யார் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் எதிர்வீட்டில் பட்டாசு வெடித்துவிட்டது. அன்றிலிருந்து அன்புமணி படியிறங்கும்போதெல்லாம் என் கண் அவன் கணுக்காலிலேயே இருந்தது. அது ஒரு நாளும் பிசகவில்லை.

ஊர்ப் பையன்கள் அவன் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். கட்டிய இடம் சரியாக எங்கள் வாசலுக்கு நேரே. காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதுகூடப் போகட்டும். பழனியாத்தாள் வீட்டு டிவி சின்னது என்று ஆட்டம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, மகன் பாய்ந்து பாய்ந்து பிடிப்பதைப் பார்ப்பாள்.

"ஏனுங்கம்மா, அதா பாருங்க, நம்ம சசி! தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறான்!"

"பாத்தேன், பாத்தேன். காப்பி ஆறுது, குடி."

"டிவியில வாரதே பெரிசுங்க. பெஞ்சுல இருந்தா என்னுங்க?"

அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது. மாரியம்மனிடம் நான் வேண்டிக்கொண்டேன். அவனுக்குக் கெடுதல் வேண்டாம், என் பேரனுக்கு ஒரே ஒரு ஆட்டம் கொடு என்று.

முதல் வருஷம் டீம் நடுவாந்தரமாய் முடித்தது. இரண்டாம் வருஷம் பிய்த்துக்கொண்டு ஏறியது. கோயமுத்தூர் மைதானத்தில் நிற்க இடமில்லை. கோவாவில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதில் தோற்காமல் இருந்தால் போதும், மேல் லீக்குக்குப் போய்விடலாம். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவும், நாங்கள் நோம்பி என்போம், அந்த வாரம்தான் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. நோம்பி தொடங்கக் கோயிலில் மரக்கம்பம் நடும்போது ஊருக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள் நோம்பி முடிந்து கம்பம் பிடுங்கும்வரை இரவு ஊரில்தான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நடும் நேரத்தில் வெளியூரில் இருந்தவர்களை அந்தக் கட்டு பிடிக்காது. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பழனியாத்தாளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டீம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மகன் கம்பத்தைச் சுற்றி ஆடுவதை ஊர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஹாஸ்டலில் இருந்தவனைப் போன் போட்டு வரவழைத்தாள். நட்டு முடித்தபிறகு வந்து ஆடிவிட்டுப் போ என்றுதான் சொல்லியிருக்கிறாள். பையன் சீக்கிரம் வந்துவிட்டான். பூசாரி குழிக்குள் கம்பத்தை இறக்கும்போது அன்புமணி முன்வரிசையில், ஜாக்கெட்டோடு, கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். சசியை நான் கூப்பிடவில்லை. பெஞ்சில் உட்காருகிறவனை வரவழைத்து ஊருக்கு எதைக் காட்டுவது?

மறுநாள் கோச் முஜீப் காரில் வந்து இறங்கினார். எதிர்வீட்டு வாசலில் பேச்சு நடந்தது. நான் எங்கள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்கம்மா, நாளைக்குப் பிளைட்டு. ரெண்டே ராத்திரி. போயிட்டு ஆடிப்போட்டு வந்துருவானுங்க. சாமி ஒண்ணும் சொல்லாதுங்க" என்றார் முஜீப்.

பழனியாத்தாள் அழுதுகொண்டே, "நீ போ கண்ணு, ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். தப்பு என்னுதுதான்" என்றாள்.

அன்புமணி தலை குனிந்தபடி நின்றான். "போயிப்போட்டு வந்தப்பறம் ஊருல ஒரு கொழந்தைக்கு அம்மை போட்டாக்கூட என்னையத்தான் சொல்லுவாங்க சார். எனக்கே அப்படித்தான் தோணும்."

"ஆத்தா விசயத்துல வெளையாடக் கூடாதுங்க" என்றேன் நான், இங்கிருந்தே.

பழனியாத்தாள் வெடுக்கென்று திரும்பினாள். "எம்பையன் நிக்கற எடத்துல உங்க பேரன் நிக்கோணும். அதுதானுங்கம்மா உங்களுக்கு!"

"ஆமா, நிக்கோணும். அவனும் ரெண்டு வருசமா உக்காந்துக்கிட்டுத்தான இருக்கறான்? அதுக்காக நான் சொன்னது பொய்யாயிருமா?"

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். முஜீப் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்புமணி உள்ளே போய்த் தன் கையுறையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். "சசிகிட்டக் குடுத்துருங்க சார். அவனுது புடிப்பு பத்தாது."

ஆட்டத்தன்று பழனியாத்தாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முதல் தடவையாக என் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். என் பேரன் பாய்ந்தான், குத்தினான், காலால் தட்டினான். கை வலிக்கும்வரை நான் தட்டினேன். முடிகிற நேரத்தில் அவர்கள் அடித்த பந்து நம் ஆள் ஒருவன் முழங்காலில் பட்டுத் திசைமாறி ஓரமாய் உள்ளே போனது. அவ்வளவுதான். ஒன்றுக்குச் சைபர்.

மேல் லீக் இல்லை என்றதும் பாலகோபாலுக்கு ஆசை தீர்ந்துவிட்டது. டீமை வேறு மாநிலத்துக்காரர்களுக்கு விற்றுவிட்டார். அவர்கள் பேரை மாற்றிக்கொண்டார்கள், ஆட்களையும் மாற்றிக்கொண்டார்கள். படம் ஒட்டின பஸ் இப்போது கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிறது. அன்புமணிக்கும் சசிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, அதே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

ஊர் வாயை மூட முடியுமா? டீக்கடையில், சந்தையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. அன்புமணி மட்டும் போயிருந்தால் மேல் லீக், டீம் நின்றிருக்கும், நம் ஊர்ப் பேர் நாடெல்லாம் தெரிந்திருக்கும். ஆடினவன் என் பேரன். பாய்ந்து பாய்ந்து முட்டியெல்லாம் தோல் உரிந்து வந்தவன் என் பேரன். ஆடாமல் வீட்டில் இருந்தவனுக்குப் புகழ்! தோற்றது இவன் கணக்கு, ஜெயித்திருக்கக்கூடியது அவன் கணக்கு. இதென்ன நியாயம்? அது சசி தப்பில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

இந்த வருஷ நோம்பியில் இரண்டு பேரும் சேர்ந்தே கம்பம் ஆடினார்கள். ஆட்டம் முடிந்து கூழ் குடிக்கும்போது, கோயில் கமிட்டி ஆள் ஒருவர் சசி காதில் விழும்படியாக அந்தப் பழைய பேச்சை எடுத்தார். சசி சொம்பைக் கீழே வைத்துவிட்டான். அன்புமணி எழுந்தான்.

"அந்தப் பந்தை நான் நூறு தடவ போன்ல போட்டுப் பாத்திருக்கறனுங்க. நான் நின்னிருந்தாலும் அது கோல்தான். அதுக்கு முன்னால சசி புடிச்சது நாலு. அதுல ரெண்டு எனக்கு எட்டியிருக்காது. இனிமே யாரும் இதப் பேசாதீங்க."

கமிட்டி ஆள் சொம்போடு நகர்ந்துவிட்டார். சசியின் முகம் கோவா ஆட்டத்துக்கு அப்புறம் நான் பார்க்காத மாதிரி மலர்ந்தது. பழனியாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் அவள் சொம்பில் இன்னொரு கரண்டி கூழ் ஊற்றினேன்.

எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், அதையும் அவனே சொல்ல வேண்டியிருந்தது. நான் தொண்டை கிழியச் சொன்னபோது நம்பாத ஊர், அவன் ஒருமுறை சொன்னதும் நம்பிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "பெரிய மனசு அந்தப் பையனுக்கு, பெரிய மனசு" என்றுதான் சனம் பேசிக்கொண்டு வந்தது.

கடைசியில் அந்தப் பேரும் எதிர்வீட்டுக்கே போய்விட்டது.