யானைக் காதில் மிஞ்சிய கறுப்பு

அந்தப் பழம்பொருள் கடையில் வெள்ளிச் சாமான் என்றால் பதினோரு வருடமாக அக்கா கைதான். முதலாளி முதல் எல்லோருக்கும் அவள் அக்கா. ஆனால் முதல் வாரமே அவளுக்குச் சீட்டுக் கிழிந்திருக்க வேண்டியது.

உணவு விடுதியில் பதினாறு வருடம் பாத்திரம் தேய்த்த கை சும்மா இருக்குமா? ஒரு அம்மாள் விற்கக் கொடுத்திருந்த வெள்ளித் தேநீர்க் கூஜாவை எடுத்தாள். வெள்ளைக்காரர் ஆண்ட நாளில் இந்தியக் கைவேலைக்காரர் யாரோ செய்தது. மூக்கு யானைத்தலை, கைப்பிடி பாம்பு, வயிற்றைச் சுற்றிலும் புடைத்து நிற்கும் மாட்டுவண்டிகள். பள்ளமெல்லாம் கறுப்பு. அக்கா கண்ணுக்கு அது அழுக்கு! சோடா மாவும் பல் துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்தாள். சாயங்காலம் கூஜா பளபளத்தது. மாட்டுவண்டியைத்தான் தேட வேண்டியிருந்தது.

முதலாளி முகம் வெளிறியது. "அது அழுக்கு இல்லக்கா. நூறு வருஷமா படிஞ்ச கறுப்பு. அது இருந்தாத்தான் உருவமே எழும்பி நிக்கும்."

அக்கா பிரஷைக் கீழே வைத்தாள். வேலை போனால் மறுபடி எச்சில் தட்டுதான். முதலாளி போனை எடுத்தார்.

"அம்மா, உங்க கூஜா கெட்டுப்போச்சு. சொல்லிக் குடுக்காம கையில குடுத்தது என் தப்பு."

விடுதியில் யார் டம்ளரை உடைத்தாலும் பழி அக்கா தலையில்தான் விழும். இங்கே ஒரு மனிதர் அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அந்த ஒரு பேச்சுக்காக அவரை இன்றும் வாயார வாழ்த்துகிறாள். அன்று அழுகைதான் வந்தது. அழுகையோடு விடுதி ஞாபகமும் வந்தது. முட்டை பட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப்போய் எத்தனை நாள் அவள் உயிரை வாங்கியிருக்கிறது!

"சார், நாலு முட்டை வாங்கித் தாங்க."

அவித்து, பிளந்து, கூஜாவோடு பெட்டியில் வைத்து மூடினாள். மறுநாள் கூஜா கன்னங்கரேல். மேடுகளை மட்டும் துணியால் துடைத்து வண்டிகளை வெளியே கொண்டுவந்தாள். யானைக் காதுக்குள் மட்டும் பிரஷ் நுழைந்திருக்கவில்லை. அங்கே பழைய கறுப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற பள்ளங்களிலும் கறுப்பை அளவாக விட்டாள்.

அம்மாள் வந்தார். முதலாளி ஒன்றையும் மறைக்கவில்லை. முட்டைக் கதைக்குச் சிரித்த அம்மாள், காதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்கப்பா வாராவாரம் இந்தக் காதோட மல்லுக்கட்டித் தோத்துப்போவாரு. நீங்களும் தோத்துட்டீங்களா? நல்லவேளைம்மா! நான் இத விக்கல, வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்."

"வந்த வியாபாரத்தயும் கெடுத்துட்டேனே சார்" என்றாள் அக்கா, அம்மாள் போனதும்.

முதலாளி உள்ளே போய் ஒரு வெள்ளித் தட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுவும் அந்தம்மா விக்கக் குடுத்ததுதான். தொடைக்க உங்க கையிலதான் குடுக்கணுமாம்."