போனுக்கு முன்னால் முந்தானை

லண்டனில் மகளுக்குப் பிரசவம். இரண்டு நாளில் நான் தனியாக விமானம் ஏற வேண்டியிருந்தது. எதற்கு வந்தாய் என்று அங்கே அதிகாரி கேட்டால், மகளைப் பார்க்க வந்தேன் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்குப் போய்வரும் மருமகள், பழகுவதற்குப் போனில் ஓர் ஆப் போட்டுத் தந்தாள். ஓர் ஆண் குரல் சொல்லும். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அவளுக்கு எடுத்த எடுப்பில் பச்சை வந்தது. எனக்குச் சிவப்பு, மறுபடியும் சிவப்பு.

“வயசான நாக்கு ஏட்டி, இனி வளையாது,” என்றேன்.

“நாக்கு கெடக்கட்டும் அத்தை. மொதல்ல வாயிலருந்து முந்தானைய எடுங்க.”

அப்போதுதான் கவனித்தேன். ஆண் குரல் கேட்டதும் கை தானாக வாயைப் பொத்தியிருந்தது.

“அங்க அதிகாரியும் ஆம்பளையா இருந்தா என்ன செய்வீய? திருப்பி அனுப்பிருவாவ.”

கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். முதல் பாதிதான் பச்சை.

“நீங்க முடிக்கதுக்குள்ள அது கேக்கத நிறுத்திருது. செத்த வெரசாச் சொல்லுங்க,” என்றாள். கடைசிவரை அந்த வேகம் எனக்கு வரவில்லை.

லண்டனில் ஆண் அதிகாரி முன் பெட்டியின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, நிதானமாகத்தான் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார்.