பெட்ரோலியம் படித்த ஜாக்குலின்

ஜாக்குலினுக்கு இருபத்தேழு வயது. கருங்குழி பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்க்கில் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே பி.இ. படித்தவள் அவள் ஒருத்திதான். அதுவும் பெட்ரோலியம் இன்ஜினியரிங். இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்ன இடத்திலெல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

போன மே மாதம் ஒரு நாள் வரதன் என்பவர் தன் குட்டி யானை சரக்கு வண்டிக்கு டீசல் போட வந்தார். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரர். கொஞ்சம் நிலம், மற்ற நேரத்தில் வாடகைக்கு வண்டி. பக்கத்து சீட்டில் பிளஸ் டூ முடித்த அவர் மகள் கீர்த்தனா ஒரு பளபளப்பான நோட்டீஸை மடியில் விரித்து வைத்திருந்தாள். நோட்டீஸைப் பார்த்தாள், ஜாக்குலினைப் பார்த்தாள், மறுபடி நோட்டீஸைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

ஜாக்குலின் வாங்கிப் பார்த்தாள். அவள் படித்த கல்லூரியின் நோட்டீஸ். ஆரஞ்சு நிற முழு உடுப்பும் வெள்ளை ஹெல்மெட்டும் போட்டு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். இறுதியாண்டில் எடுத்த படம். கீழே, "எங்கள் மாணவி ஜாக்குலின், இன்று முன்னணி எண்ணெய் நிறுவனத்தில்" என்று போட்டிருந்தது.

அவளுக்குக் கோபம் பிறகுதான் வந்தது. யாரோ தன் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தது போல உடம்பு கூசியது.

வரதன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எண்ணெ கம்பெனில கீறேன்னு போட்டுகீறான்?"

"கம்பெனி எண்ணெதான்ணா. நான் அத ஊத்திகினு கீறேன்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் காலேஜ்லதான் பொண்ண சேக்கலாம்னு கீறோம். ஞாயித்துக்கெழம வரச் சொல்லிகீறாங்க. அன்னிக்கே சேந்தா பீஸ்ல கழிவாம்."

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஜாக்குலினின் அப்பா சாலமோனிடமும் இதையேதான் சொன்னார்கள். சாலமோன் கொத்தனார். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி நடந்தது. கோட்டு போட்ட ஏஜெண்ட் ஒருவன் அவரை உட்காரவைத்து, "பெட்ரோல் இல்லாம உலகத்துல வண்டி ஓடுமா? அப்ப இதப் படிச்சவங்களுக்கு வேல இல்லாம போவுமா?" என்று கேட்டான். அரசு கவுன்சலிங்குக்குக் காத்திருந்தால் சீட்டு போய்விடும் என்று அவன் பயமுறுத்த, சாலமோன் மகளை நேராகக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார். வீட்டின் முதல் பட்டதாரிக்கு அரசு கொடுக்கும் கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் வருகிறவர்களுக்குத்தான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஏஜெண்ட் தெரிந்தே மறைத்திருக்கிறான்.

மாமல்லபுரம் போகும் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிய கல்லூரி அது. பாதி ஆசிரியர்கள் மெக்கானிக்கல் துறையிலிருந்து வந்து போனவர்கள். அவள் படிப்பை முடித்த வருஷம் கொரோனா. உலகமே வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, எண்ணெயைச் சீண்ட ஆளில்லை. பிறகு விண்ணப்பித்த இடங்களில், ஆண்களுக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை இல்லை, பெண்ணை எங்கே தங்கவைப்பது என்றார்கள். போனிலேயே லோன் வசூலிக்கும் கம்பெனியில் கொஞ்ச நாள், டியூஷன் கொஞ்ச நாள், கடைசியில் பங்க்.

அன்று மாலையே கல்லூரிக்குப் போன் செய்தாள். அட்மிஷன் பொறுப்பில் இருந்த பார்த்திபன் எடுத்தான். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், நீங்க பெட்ரோல் சேல்ஸ்லதானே இருக்கீங்க? பங்க் யாரோடது? எண்ணெய் கம்பெனியோடது. இதுல பொய் எங்க வந்துச்சு?"

"படத்த எடுங்க சார்."

"எடுத்துடலாம். ஞாயித்துக்கெழம வந்து பேரண்ட்ஸ் முன்னாடி ரெண்டு வார்த்த பேசுங்களேன். போக்குவரத்துச் செலவ நாங்க பாத்துக்கறோம்."

ஜாக்குலின் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல. பிறகு, "வரேன்" என்றாள்.

கீர்த்தனா கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸை வீட்டில் சாலமோன் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "படம் நல்லாதான் எடுத்துகீறான்" என்றார். திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரதன் பங்க் வழியே வந்து ஜாக்குலினை ஏற்றிக்கொள்ள, மூவரும் அவர் வண்டியிலேயே போனார்கள். வாசலில் வாழைமரம், பாதாம் பால், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். கல்யாண வீடுதான், மொய் மட்டும் லட்சக்கணக்கில். பார்த்திபன் ஓடிவந்து, "நம்ம ஸ்டார் ஸ்டூடண்ட்" என்று ஜாக்குலினின் தோளைத் தட்டினான். அவள் நகர்ந்துகொண்டாள்.

ஹாலில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். மைக் அவள் கைக்கு வந்தது. என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். இரண்டு வரிதான் வந்தது.

"நான் இங்க பெட்ரோலியம் படிச்சேன். இப்ப கருங்குழில பெட்ரோல் பங்க்ல வேல பாக்கறேன்."

நாலு பேராவது எழுந்து போவார்கள் என்று அவள் நினைத்தாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

"மாசம் இன்னாம்மா வரும்?"

"பதினெட்டாயிரம்."

"பரவால்லியே. எங்க பெரியவன் அதுவும் இல்லாம வூட்ல குந்திகினு கீறான்."

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்திபன் மைக்கைப் பிடுங்கினான். "பாத்தீங்களா? எந்த வேலையும் கேவலம் இல்லன்னு எங்க ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். அவங்களுக்கு ஒரு பெரிய கைத்தட்டு!"

ஹாலே தட்டியது. அந்தக் கைத்தட்டலைக் கேட்டபடி நின்றபோது, அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்குக்கூட உடம்பு இத்தனை கூசவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னாள். அதையும் அவர்கள் பாதாம் பாலோடு சேர்த்துக் குடித்துவிட்டார்கள்.

கீர்த்தனா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, லேப் பாக்கலாமா?"

சீனு என்ற இரண்டாம் ஆண்டு மாணவனைச் சுற்றிக் காட்ட அனுப்பினார்கள். லேபில் துளையிடும் கோபுரத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று, ஜாக்குலின் காலத்தில் இருந்ததுதான், கழுவி வைத்திருந்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. 'கச்சா எண்ணெய்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

சீனு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அது காலேஜ் பஸ்ல வடிச்ச பழைய ஆயிலு."

"ஒரு தடவையாச்சும் நெஜ கெணறு பாக்க கூட்டிகினு போனாங்களா?" என்று கீர்த்தனா கேட்டாள்.

"நாகப்பட்டினம் பக்கம் காட்டறோம்னு துட்டு வாங்கனாங்க. வேளாங்கண்ணி கோயில் பாத்துட்டு வந்துட்டோம்."

வெளியே போட்டோ எடுக்க ஓர் இடம் அலங்கரித்திருந்தார்கள். ஒரு பெண் கீர்த்தனாவை இழுத்து நிறுத்தி அவள் கையை ஆரஞ்சு உடுப்புக்குள் நுழைத்தாள். நோட்டீஸ் படத்தில் ஜாக்குலின் போட்டிருந்த அதே உடுப்பு. கழுத்துப் பட்டை வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து, தோல் போல விறைத்திருந்தது. எத்தனை பிள்ளைகளின் கழுத்து அதில் பட்டிருக்குமோ! கீர்த்தனா முகத்தைச் சுளித்து, "உவ்வே" என்று கழற்றிக் கீழே போட்டாள்.

வரதன் அதற்குள் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். ஜாக்குலின் போய்க் கூப்பிட்டாள்.

"அண்ணா, வாங்க, போலாம்."

"இன்னிக்கி வுட்டா கழிவு போயிடுமேம்மா."

"கழிவுதான்ணா இது மொத்தமும்."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். வரிசையை விட்டு வந்தார்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார்கள். வரதன் எரிச்சலாக இருந்தார். "எல்லாக் காலேஜும் இப்டிதானே கீது? வேற எங்கதான் போறது?"

"மொதல்ல கவுன்சலிங் போடுங்க. வூட்ல மொதப் பட்டதாரின்னு சர்ட்டிபிகேட் வாங்குங்க, பீஸ் கொறையும். எந்தக் காலேஜா இருந்தாலும் போன மூணு வருஷத்துல வேல கெடச்ச புள்ளைங்க போன் நம்பர் கேளுங்க. குடுக்கலன்னா வந்துடுங்க. வாத்தியாருங்க யாரு, இன்னா படிச்சவங்கன்னு பாருங்க. பெட்ரோலியம் அரசாங்க எடத்துல கெடச்சா எடு கீர்த்தனா. இல்லன்னா நல்ல காலேஜ்ல கெமிக்கல் எடு. மேல்படிப்புல பெட்ரோலியம் பாத்துக்கலாம்."

"கெமிக்கல் படிச்சா எண்ணெ கெணத்துக்கு வுடுவானா?"

"வுடுவான்ணா. எண்ணெ தொழில் படுத்துக்கிச்சுனா மருந்து கம்பெனி, பெயிண்டு கம்பெனிக்கும் வுடுவான். என்ன மாதிரி ஒரே கதவுகிட்ட நின்னுகினு இருக்க வேணாம்."

வரதன் டீயை உறிஞ்சினார். "இத அங்க மைக்குல சொல்லி இருக்கலாமேம்மா."

"சொல்லி இருந்தா அதுக்கும் கை தட்டி இருப்பாங்க."

அரசு இடங்களில் பெட்ரோலியம் சீட்டு விரல்விட்டு எண்ணுமளவுதான். கீர்த்தனாவின் மதிப்பெண்ணுக்கு எட்டவில்லை. மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் ஒரு பழைய கல்லூரியில் கெமிக்கல் கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகை போக, கட்ட வேண்டியது வரதனால் கடனில்லாமல் கட்ட முடிகிற அளவுதான். அதை நம்பாமல் ரசீதை இரண்டு பேரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார்.

ஜாக்குலின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு கல்லூரி அவள் படத்தை எடுத்துவிட்டது. அந்த இடத்தில் வேறொரு பெண் சிரிக்கிறாள். அன்று வரிசையில் நின்றவர்களில் பலர் பணம் கட்டிவிட்டார்கள் என்று சீனு சொல்லித் தெரிந்தது. கேட்டபோது அவளுக்குத் துக்கம்கூட வரவில்லை, காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மகளை விடுதியில் விட்ட அன்று வரதன் அங்கிருந்தே போன் செய்தார்.

"இன்னாம்மா காலேஜ் பாத்துக் குடுத்தே! ஆஸ்டல் கக்கூசு தாங்கல. மூக்கப் பொத்திகினுதான் போவணும். சாம்பார்ல பருப்பே இல்ல."

"கக்கூசுக்கு வார்டன் கைல எழுதிக் குடுங்கண்ணா. லேப் பாத்தீங்களா?"

"எங்க வுட்டாங்க? உள்ள ஏதோ கொதிச்சுகினு கீது, புள்ளைங்க நின்னு அளந்துகினு கீதுங்க. ஒரு வாத்தியாரம்மா என்ன வெளிய போன்னு வெரட்டிட்டா."

ஜாக்குலின் சிரித்துவிட்டாள். பம்ப்பில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அப்புறம் பேசுவதாகச் சொல்லிவிட்டு அவள் அதை நோக்கி நடந்தாள்.