ஒரே மழை, வேறு வேறு வானம்

கவிதை வகுப்பு எடுப்பதென்றால், ஜன்னலைத் திறந்துவிட்டு, மற்றவர்களை எழுதச் சொல்லிச் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். மல்லேஸ்வரத்தில் ஞாயிறு காலைதோறும் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். என்னைப் போல விடுமுறையைப் பறிகொடுத்து வகுப்பெடுக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மழை

ஒரு ஞாயிறு நல்ல மழை. "இதையே எழுதுங்க" என்றேன். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் திவ்யா, வானம் தனக்காக வாசல் தெளிப்பதாக எழுதினாள். முந்தின நாள்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊர் எல்லையில் இருக்கும் அத்திபெலேயிலிருந்து வரும் பிரகாஷ், வானம் தன் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக எழுதியிருந்தார். மழை ஒன்றுதான், எழுதுகிற மனசுதான் வேறு என்று நான் பெருமையாக விளக்க ஆரம்பித்தேன். பிரகாஷ் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "மனசெல்லாம் ஒண்ணுதான் மேடம். அவங்க கார்ல வந்தாங்க, நான் பைக்ல வந்தேன்."

மரம்

காக்ஸ் டவுன் ஸ்டெல்லா, கணக்கு டீச்சர். "கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதுவேன், மனசு கினசெல்லாம் வேணாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை எழுதுங்கள் என்றேன். பூவையும் நிழலையும் விட்டுவிட்டு, கரண்ட் கம்பிக்காகக் கிளையை வெட்டிய இடத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிப் பட்டை தடித்து வளர்கிறதாம். அணில்கள் அந்தப் பக்கம் போவதில்லையாம்.

வாசித்து முடித்ததும் அடுத்தவரை வாசிக்கச் சொன்னேன். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் இந்த வேலையில் பாதி. எல்லோரும் போனபின் அவராகவே சொன்னார், மார்பில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது என்று. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்டகூட இவ்ளோ சொன்னதில்ல மேடம்" என்றார்.

மேடை

எங்கள் வகுப்பின் ஆண்டு விழாவில் அந்த மரக் கவிதையை வாசிக்கிறேன் என்று ஸ்டெல்லாவே கை தூக்கினார். மைக் முன்னால் போய் நின்று வாசித்தார். அவர் குரல் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. விழா நடத்துகிறவள் என்பதையும் மறந்து, எழுந்து நின்று கை தட்டினேன்.

முன்வரிசையில் இருந்த அவர் கணவர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "தினம் அந்த மரத்தடியிலதான் ஸ்கூட்டரை நிறுத்துறேன் மேடம். ஒரு நாள்கூட நிமிந்து பாக்கல."

கவிதை சொல்லிக்கொடுத்து என்ன சாதித்தாய் என்று என் வீட்டில் கேட்பவர்களுக்கு இனி நான் பதில் சொல்வதாக இல்லை, கொஞ்சம் கர்வமாகச் சிரிப்பதாகத்தான் உத்தேசம்.